அநாமதேய நீர்நாய்

கடவுச்சொல்லை மஞ்சள் தாளில் எழுதி
ஸ்டேப்ளருக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
அப்படிச் செய்யவே கூடாது என்றான்
கல்வி அலுவலகத்திலிருந்து வந்த டாரில்.
சொல்லிவிட்டு
அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தான்.

பிராண்டன், மனிடோபா. பிப்ரவரி.
இடைவேளைக்கு யாரையும் வெளியே விட முடியாத
மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டாம் வகுப்பு, இருபத்தொரு பேர்,
பதினெட்டு குரோம்புக்.
மீதிப்பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

டாரில் காட்டியபடியே இணைப்பை அனுப்பினேன்.
எங்கோ ஒரு பெட்டியில் டிக் போட மறந்திருக்கிறேன்.
பெயர்கள் வரவில்லை,
விலங்குகள் வந்தன.
அநாமதேய நரி. அநாமதேய வௌவால்.
அநாமதேய ஒட்டகத்துக்கு வகுப்பே கூரை பறக்கச் சிரித்தது.
"மிஸஸ் எஸ், நான்தான் நீர்நாய்!"
"இல்ல, நான்!" "நான்!"
யார் எது என்று எனக்கும் தெரியவில்லை,
அவர்களுக்கும் தெரியவில்லை.

தலைப்பு: சனி ஞாயிறில் எங்கள் வீடு.

ஒரே பக்கத்தில் பதினெட்டு கர்சர்கள்,
மழை விட்டதும் ட்யூப்லைட்டை மொய்க்கும் ஈசல் மாதிரி.
ஒருத்தியின் வாக்கியத்துக்குள் இன்னொருவன் புகுந்ததில்
ஒரு நாய்க்குட்டிக்குச் சக்கரம் முளைத்தது.
பிறகு எவனோ மொத்தத்தையும் நீலமாக்கி
ஒரே தட்டில் அழித்தான்.
நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தாள்.
வில்மர் எழுந்து வந்தான். ஏழு வயது.
என் கைக்கு நடுவே கையை நுழைத்து
இரண்டு விரலால் அழுத்தினான்.
எல்லாம் திரும்பி வந்து நின்றது.
"பயப்படாதீங்க மிஸ், இதுல எதுவும் போகாது."

பஸ் போன பிறகு
டாரில் அச்சிட்டுக் கொடுத்த தாளை எடுத்தேன்.
ஆறாவது படி: பதிப்பு வரலாறு. அழுத்திப் பாருங்கள்.
அழுத்திப் பார்த்தேன்.
நின்ற சொற்கள் நின்றபடியே இருந்தன.
போன சொற்கள்
நெஞ்சில் குறுக்குக் கோடு வாங்கிக்கொண்டு
வரிக்கு வரி எழுந்தன.

10:42
அப்பா இப்போது பேஸ்மென்ட்டில் தூங்குகிறார்.
(பேஸ்மென்ட்டில் ஓர் எழுத்து குறைவு.)
கோடு.
10:45
அப்பா இப்போது
கோடு.
10:46
அப்பா
கோடு.
10:51
நாங்கள் பனிமனிதன் செய்தோம். மூக்கு கேரட்.

அந்தக் கேரட்டுக்குத்தான் காலையில்
மினுங்கும் நட்சத்திரம் போட்டேன்.
போடக் கற்றுக்கொண்ட பெருமையில்
இரண்டாகவே போட்டேன்.

எழுதியவர்: அநாமதேயப் பயனர்கள்.
அவ்வளவுதான்.
நரியா நீர்நாயா என்றுகூட இல்லை.

பதினாறு வருடமாக வெள்ளைப் பலகையைச்
சட்டைக் கையால் துடைத்து வந்தவள் நான்.
தப்பா எழுதினா என்ன, அழிச்சுக்கலாம்
என்று எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பேன்.
அழி. அழு.
ழகரத்துக்கு மேலே சுழித்தால் ஒன்று,
கீழே இழுத்தால் இன்னொன்று.
இதைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா என்று
தாளைப் புரட்டினேன்.
ஏழாவது படி, பிரின்டர் பற்றியது.

ஜன்னலில் தெருவிளக்கு எரிந்தது,
மணி ஐந்துகூட ஆகவில்லை.
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
பனிமேட்டுக்கு மேலே பாதி தெரியும்
பேஸ்மென்ட் ஜன்னல்கள்.
இதுவரை நான் எண்ணியதில்லை.
பதினோரு வீட்டில் வெளிச்சம்.

இரவு டாரில் பதில் போட்டிருந்தான்,
படத்தோடு, சிவப்பு வட்டம் போட்டு:
இந்தப் பெட்டியில் டிக் செய்தால்
இனி எல்லோருக்கும் பெயர் வரும்.

காலையில் இருபத்தொரு ஜோடி பூட்ஸ்.
ஜிப் சிக்கியவர்களுக்குக் குனிந்தேன்,
சிக்காதவர்களுக்கும் குனிந்தேன்.
"என்ன பார்க்கறீங்க?" என்றாள் ஒருத்தி.
"மூக்கு சிவந்திருக்கு" என்றேன்.

குரோம்புக்கைத் திறந்தபடி வில்மர் கேட்டான்:
"மிஸ், இன்னிக்கும் நாங்க விலங்கா?"

ஆமாம் வில்மர்,
அந்தப் பெட்டி எங்கே இருந்ததென்று
எனக்கு மறந்தே போச்சு.